வாடைக் கடலும் ஆண்டிறுதிக் கணக்கும்
பொதுக் காப்புறுதி நிதியங்களின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடித் தொழிலாலும் அறியப்பட்ட இவ்வூரின் ஆண்டினை வகுப்பது காற்று. சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியுற்றிருக்கும், தோணிகள் அச்சமின்றிச் செல்லும், கரைவலைகள் இழுக்கப்படும். ஐப்பசி கழிந்து வாடை எழுந்ததும் கடல் கொந்தளிக்கும். அப்பொழுது தோணிகள் கரையில் உயர ஏற்றப்படும். வருவாய் குன்றிய அம்மாதங்களிலேயே வலை பொத்துதலும், தோணி பழுது பார்த்தலும், அடுத்த பருவத்துக்குரிய முதலைத் தேடுதலும் நடைபெறும். ஆண்டின் இறுதி இங்கு ஓய்வுக் காலமாகத் தோன்றினும் உண்மையில் அது ஆயத்தக் காலமாகும்.

இதே மாதங்களில் கொழும்பிலே வேறொரு வகை ஆயத்தம் நிகழ்கின்றது. இலங்கையில் அரசின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்கி டிசெம்பர் 31ஆம் திகதி முடிவடைவது. அரச காப்புறுதி நிறுவனங்களும் நிதியங்களும் அவ்வேளையிற் கணக்கை முடித்து, வரும் ஆண்டுக்குரிய திட்டத்தை வகுக்கின்றன. கரையில் வலை பொத்துவோரும் அலுவலகத்திற் கணக்கு முடிப்போரும் ஒரே வினாவுக்கே விடை தேடுகின்றனர்: வரவிருக்கும் இழப்பைத் தாங்க இன்று எதனைச் செய்து வைத்தல் வேண்டும்? இவ்விரு ஆயத்தங்களும் இந்நாட்டின் வரலாற்றில் எவ்வளவு தூரம் ஒன்றையொன்று சந்தித்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டு நிதியமும் ஆண்டிறுதிப் பணியும்

பலர் சிறிது சிறிதாக இட்ட பணத்தைக் கொண்டு, அவர்களுட் சிலருக்கு நேரும் பேரிழப்பை ஈடு செய்தலே காப்புறுதியின் சாரம். இக்கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. கரைவலையில் அகப்பட்ட மீனை விற்றுச் செலவு கழித்து எஞ்சியதைப் பங்கு பிரித்தலும், கோயிலுக்கென மகமை ஒதுக்குதலும், சீட்டுக் கட்டுதலும் தமிழரின் கரையோர ஊர்களில் நன்கறியப்பட்ட வழக்குகளே. எனினும் ஊர்க் கூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவனுடைய தோணி உடைந்தால் ஊரார் உதவுவர். ஊரின் தோணிகள் அனைத்தும் ஒரே இரவில் உடைந்தால் உதவுதற்கு ஊரில் எவர் உளர்? புயலும் வெள்ளமும் கலகமும் ஒருவரையன்றி ஓர் ஊரையே ஒருங்கே தாக்குவன. ஆதலாலேதான் கூட்டு ஊரைக் கடந்து நாடளவிலும், நாட்டைக் கடந்து உலகளவிலும் விரிய வேண்டியதாகின்றது. ஒரு நிதியம் தன்னால் தாங்கவியலாத பொறுப்பின் ஒரு பகுதியைக் கட்டணம் செலுத்திப் பிற நிறுவனங்களிடம் ஒப்படைப்பதை மீள்காப்புறுதி என்பர். இலண்டன், மியூனிக், சூரிச் முதலிய நகரங்கள் அவ்வணிகத்தின் பெருநிலையங்களாகும்.

நிதியத்தின் ஆண்டிறுதிப் பணி வெறுங் கூட்டல் கழித்தலோடு நின்றுவிடுவதன்று. ஆண்டினிடையிற் பெறப்பட்ட கட்டணத்தின் ஒரு பகுதி அடுத்த ஆண்டின் மாதங்களுக்கும் உரியது. அதனை இவ்வாண்டின் வருவாயாகக் கொள்ளலாகாது. கோரப்பட்டும் இன்னும் செலுத்தப்படாத இழப்பீடுகளை மதிப்பிட வேண்டும். நேர்ந்தும் இன்னும் அறிவிக்கப்படாத இழப்புகளுக்கும் ஒதுக்கீடு செய்தல் வேண்டும். எஞ்சும் இருப்பு எத்துணைப் பேரிடரைத் தாங்கும் எனக் கணித்து, அதற்கு மேற்பட்ட பொறுப்புக்கு மீள்காப்புறுதி தேட வேண்டும். உலகின் மீள்காப்புறுதி ஒப்பந்தங்களுட் பெரும்பகுதி ஜனவரி முதலாம் திகதியிற் புதுப்பிக்கப்படுவன. எனவே டிசெம்பரில் பேரம் முற்றுப்பெறாவிடின் புத்தாண்டு காவலின்றிப் பிறக்கும். நிவாரணத்துக்கும் காப்புறுதிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தோன்றுகின்றது. நிவாரணம் துயர் நேர்ந்த பின் இரக்கத்தினால் அளிக்கப்படுவது. காப்புறுதி துயர் நேருமுன் கணிப்பினால் அமைக்கப்படுவது.

அரசு காப்புறுதியை ஏற்ற வரலாறு

சுதந்திரத்தின் பின்னரும் இலங்கையின் காப்புறுதித் தொழில் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பனிகளின் கையிலேயே இருந்தது. நெற்செய்கையாளரின் பொருட்டு அரசு 1958ஆம் ஆண்டிற் பயிர்க் காப்புறுதியைச் சோதனை முறையாகத் தொடங்கிற்று. 1961இற் பயிர்க் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், அமைச்சர் ரி. பி. இலங்கரத்னவின் முயற்சியால், 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962 ஜனவரியிற் பணி தொடங்கிய அக்கூட்டுத்தாபனம் முதலில் ஆயுட் காப்புறுதியிலும், 1964 முதற் பொதுக் காப்புறுதியிலும் தனியுரிமை பெற்றது. 1973ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் கமத்தொழிற் காப்புறுதிச் சபையைத் தோற்றுவித்தது.

பொதுக் காப்புறுதி முற்றாக அரசின் வசமான அதே 1964ஆம் ஆண்டின் இறுதியில், டிசெம்பர் 22ஆம் திகதி, கடும் புயலொன்று திருகோணமலைக் கரையைத் தாக்கி, வடமேற்காக நாட்டைக் கடந்து பாக்கு நீரிணையை அடைந்தது. அன்றிரவே அது மறுகரையிலிருந்த தனுஷ்கோடியை அழித்தது. அரசின் கையிற் காப்புறுதி வந்துவிட்டதாயினும் அது குடிசைக்கும் தோணிக்கும் வந்துவிடவில்லை. காப்புறுதிப் பத்திரம் என்பது வங்கிக் கடனும், வாகனமும், களஞ்சியமும், எழுத்து மூலமான உரிமையும் உடையோரைச் சார்ந்து நிற்பது. கரையோரத் தொழிலாளியின் உடைமை கடற்கரை மணலில் இருந்தது; ஏட்டில் இருக்கவில்லை. உரிமையாளர் மாறுவதனால் மட்டும் காப்புறுதி பொதுமை எய்திவிடாது என்பதே இவ்வரலாறு தரும் முதற் பாடம்.

கலகத்தின் பின் எழுந்த நிதியம்

1983 யூலை வன்செயல்களில் தமிழரின் வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் எரியுண்டமை யாவரும் அறிந்ததே. அதனைத் தொடர்ந்து கலகத்தால் நேரும் இழப்புக்குக் காவலளிக்க வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்கள் பின்வாங்கின. இந்நிலையில் 1987இல் வேலைநிறுத்தம், கலகம், சிவிற் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான நிதியம் அரசினால் அமைக்கப்பட்டது. காப்புறுதி நிறுவனங்கள் இவ்வகைக் காவலுக்கெனத் திரட்டும் கட்டணம் இதன்கண் சேரும். இழப்பீடும் இதிலிருந்தே வழங்கப்படும்.

அதே 1987ஆம் ஆண்டில், 29ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் ஆகியவற்றைப் புனரமைத்தற்கான அதிகாரசபையும் நிறுவப்பட்டமை ஒப்புநோக்கற்பாலது. ஒரே ஆண்டில் ஒரே துயரத்திலிருந்து எழுந்த இவ்விரு அமைப்புகளுள், ஒன்று நிகழ்ந்த அழிவுக்கு உதவி வழங்கியது. மற்றையது நிகழக்கூடிய அழிவுக்கு முன்கூட்டியே பொருள் திரட்டுவது. எனினும் பின்னையதன் பயன் கட்டணம் செலுத்தியோருக்கே உரியது. போர்க்காலத்திற் கிழக்கிலங்கையின் கிராமங்களில் வீடிழந்தோருட் பெரும்பாலாரிடம் காப்புறுதிப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை.

அழிவின் பின்னரே நிதியம் பிறத்தல் இலங்கைக்கு மட்டும் உரிய குறைபாடன்று. நியூசிலாந்தில் 1942ஆம் ஆண்டின் நிலநடுக்கங்களின் பின்னரே 1944இல் நிலநடுக்க, போர்ச்சேதச் சட்டம் இயற்றப்பட்டது. தென்னாபிரிக்காவில் 1976ஆம் ஆண்டின் சொவெற்றோ எழுச்சியின் பின் 1979இற் கலகக் காப்புறுதி நிறுவனம் தோன்றியது. பிரித்தானியாவில் 1992 ஏப்பிரலில் இலண்டன் நகரில் வெடித்த குண்டு, 1993இல் அந்நாட்டின் பயங்கரவாத மீள்காப்புறுதிக் கூட்டுக்கு வழிகோலியது. துருக்கியில் 1999 ஓகஸ்ட் நிலநடுக்கத்தின் பின் 2000ஆம் ஆண்டிற் கட்டாய நிலநடுக்கக் காப்புறுதி நிதியம் செயற்படலாயிற்று. இந்தியாவின் பயங்கரவாதக் காப்புறுதிக் கூட்டு 2002 ஏப்பிரலில் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு செப்ரெம்பரில் நியூயோர்க்கில் நிகழ்ந்ததை நினைவூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு நிதியத்தின் பிறப்புச் சான்றிதழும் ஒரு மரணச் சான்றிதழின் பின்புறத்திலேயே எழுதப்பட்டதெனல் பொருந்தும்.

மார்கழியின் வரிசை

திருகோணமலைக் கரையின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். 1964ஆம் ஆண்டின் புயல் டிசெம்பர் 22இல் வந்தது. 2000ஆம் ஆண்டில் மற்றொரு புயல் டிசெம்பர் 26இல் திருகோணமலைக்கு அண்மையிற் கரை கடந்தது. சரியாக நான்கு ஆண்டுகளின் பின், 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. தெற்கேயுள்ள மட்டக்களப்பை அழித்த 1978ஆம் ஆண்டுப் புயலும் நவம்பர் 23இலேயே வந்தது. ஆழிப்பேரலை பருவம் பார்த்து வருவதன்று. அதனை வாடையின் கணக்கிற் சேர்த்தல் தவறாகும். ஏனையவையோ பருவத்தின் பிள்ளைகள். கணக்கேடு மூடப்படும் வேளையே கிழக்குக் கரைக்குக் கடல் திறக்கும் வேளையாகின்றது.

2004இற் சல்லி உட்படத் திருகோணமலை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் பல பேரலைக்கு இரையாயின. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு அழிந்தோ சேதமுற்றோ போயிற்று. பொருளிழப்பு ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டொலர் என அன்று மதிப்பிடப்பட்டது. அதிற் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது சிறு பகுதியே. தோணியிழந்தவர் நிவாரணத்தையும் வெளிநாட்டு உதவியையும் எதிர்நோக்க வேண்டியவராயினர். உதவி வந்ததெனினும், அது எவருக்கு, எப்போது, எவ்வளவு என்பது கொடுப்போரின் விருப்பத்தைப் பொறுத்ததாயிருந்தது. உரிமையாகப் பெறுவதற்கும் கொடையாகப் பெறுவதற்கும் உள்ள தூரத்தை அக்காலத்து முகாம்களில் வாழ்ந்தோர் நன்கறிவர்.

2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை நிறுவிற்று. 1987ஆம் ஆண்டின் கலக நிதியமும், அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியும் அதன் பொறுப்பில் வந்தன. 2013 முதல் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் தமது வரிக்குப் பிந்திய இலாபத்தில் நூற்றுக்கு 1 வீதத்தைப் பயிர்க் காப்புறுதிக்கென இதற்குச் செலுத்தலாயின. 2016 ஏப்பிரல் முதலாம் திகதி இந்நிதியத்தின் வழியே தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. தனியாட்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, அரசே செலுத்தும். 1,000 கோடி ரூபா வரையிலான காவல் பெறப்பட்டது. சேதமுற்ற வீடொன்றுக்கு உச்சமாக 25 இலட்சம் ரூபா வழங்க ஏற்பாடாயிற்று. ஏட்டில் இல்லாத உடைமையையும் காப்புறுதிக்குட் கொணர்ந்தமையே இத்திட்டத்தின் சிறப்பாகும். 1964இல் அரச காப்புறுதி எட்டாதிருந்த குடிசையை 52 ஆண்டுகளின் பின் அது எட்டிற்று.

திட்டம் தொடங்கி ஆறு வாரங்கள் கழிந்த நிலையில், 2016 மே மாத நடுவில், ரோனுப் புயலின் மழை நாட்டைச் சூழ்ந்தது. களனி கங்கை பெருகிற்று. மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியது. திட்டம் இரு மாதங்கள் தாமதித்திருப்பின் அவ்விழப்பு முழுவதும் அரசின் வெறுங்கையிலேயே வீழ்ந்திருக்கும். வரலாற்றில் அரிதாக ஒரு முறை நிதியம் அழிவை முந்திக்கொண்டது.

காற்றின் ஆண்டும் ஒப்பந்தத்தின் ஆண்டும்

இவ்விடத்தில் நுணுகி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. ஏப்பிரலில் தொடங்கும் ஒப்பந்த ஆண்டில் முதலில் வருவது மே, யூன் மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் நேரும் வெள்ளம். பின்னர் வருவதே நவம்பர், டிசெம்பர் மாதங்களிற் கிழக்கிலும் வடக்கிலும் நேரும் புயல். 2016 மேயிலும் 2017 மேயிலும் மேற்கும் தெற்கும் வெள்ளத்துள் ஆழ்ந்தன. ஆண்டுக்கென மொத்தத் தொகை ஒன்றே வரையறுக்கப்பட்டிருக்குமாயின், களனியின் வெள்ளம் உண்டது போக எஞ்சியதே சல்லியின் புயலுக்கு உரியதாகும். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. காலங்காட்டியே அவ்வாறு வரிசையை வகுத்துவிடுகின்றது. வரிசையின் கடைசியில் நிற்பது வாடைக் கரை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டின் பெரும்பகுதியை வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தியமை, ஆண்டின் இறுதிக் காலாண்டை எஞ்சிய தொகையால் எதிர்கொள்ளலாகாது என்பதை மேலும் வலியுறுத்துவதாகும்.

காற்றின் ஆண்டை ஒப்பந்தத்தின் ஆண்டோடு பொருத்துதல் இயலாததன்று. 2004ஆம் ஆண்டின் ஐவன் புயலுக்குப் பின், கரீபிய நாடுகள் பல ஒருங்கிணைந்து 2007இல் ஒரு கூட்டு நிதியத்தை அமைத்தன. பல நாடுகள் சேர்ந்தமைத்த முதலாவது அனர்த்த நிதியம் அதுவே. அதன் காப்புறுதி ஆண்டு, அட்லாந்திக் புயற் பருவம் தொடங்கும் யூன் முதலாம் திகதியிலேயே தொடங்குகின்றது. இலங்கைக்கோ ஒன்றல்ல, இரு பருவங்கள் உள்ளன. ஆகவே இரு முறை கணக்குப் பார்த்தல் வேண்டும். மேற்கின் மழை ஓய்ந்த பின், வாடை எழுமுன், செப்ரெம்பர் மாதத்திலே எஞ்சிய காவலை அளந்து, குறைந்ததை மீளநிரப்புதற்கு ஒப்பந்தத்திலேயே வழி செய்து வைப்பின் கிழக்குக் கரை மிச்சத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. தோணிப் பதிவும் வீட்டுப் பதிவும் பிரதேச செயலகத்திலும் மீன்பிடி அலுவலகத்திலும் அதற்கு முன்பே சரிபார்க்கப்படின், இழப்பை மதிப்பிடும் காலம் குறையும்.

வருமுன் ஒதுக்காதார்க்கு நேர்வது யாது என்பதற்கு வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரர் ஓய்வூதியத் திட்டமும், 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் மீனவர் ஓய்வூதியத் திட்டமும் ஏற்பட்டன. நோக்கம் உயர்ந்ததே, ஆயின் கமக்காரர் திட்டத்தில் உறுப்பினர் செலுத்திய தொகைக்கும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிக்கும் ஒப்புமை இருக்கவில்லை. ஓய்வுபெறுவோர் தொகை பெருகப் பெருக நிதியம் வற்றியது. 2012ஆம் ஆண்டளவில் கொடுப்பனவு தடைப்பட்டது. 2014இல் அரச நிதியின் துணைகொண்டே அது மீளத் தொடங்கிற்று. இளமையிற் பணம் கட்டிய உழவர் முதுமையில் வெறுங்கையராய் நின்ற அவ்விடைக்காலத்துக்குக் காரணம் புயலுமன்று, வெள்ளமுமன்று. ஆண்டுதோறும் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் உரிய ஆண்டிறுதிகளிற் கேட்கப்படாமையே காரணமாகும்.

முடிவுரை

வருவதை முன்னறிதல் எவராலும் இயலாது. 2004 டிசெம்பர் 25ஆம் திகதி மாலை கடலை நோக்கி நின்ற எவரும் மறுநாளை அறிந்திலர். ஆதலால் திட்டமிடுதல் வீண் எனச் சிலர் கூறக்கூடும். எந்நாளில், எவ்வூரில் அழிவு நேரும் எனக் கூறுதல் நிதியத்தின் கடமையன்று. நேரும் அந்நாளிற் பணம் ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பதே அதன் கடமை. கமத்தொழிற் காப்புறுதியும், கலக நிதியமும், அனர்த்தக் காப்புறுதியும் இந்நாட்டில் ஏற்பட்ட வரலாறு, காவலுக்குட் படிப்படியாக அதிகமான மக்களைக் கொணர்ந்த வரலாறேயாகும். ஆயினும் யார் உள்ளே வந்தனர் என்பதோடு, எம்மாதத்தில் அவர்களுக்குத் துயர் நேர்கின்றது என்பதையும் கணக்கிற் கொள்ளும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.

சல்லிக் கரையில் வாடைக் காலத்து முற்பகலில் வலை பொத்துவோர், கிழிந்த கண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கிழியக்கூடிய கண்களையும் விரலால் இழுத்துப் பார்த்து உறுதி செய்வர். கடல் அமைதியுற்ற பின் வலையைத் தேடுவோருக்கு அப்பருவத்தின் மீன் கிட்டாது என்பதை அவர்கள் அறிவர். ஆண்டிறுதியில் ஏடுகளை விரிப்போரும் அவ்வாறே இழுத்துப் பார்ப்பாராயின், அடுத்த மார்கழி கிழக்குக் கரையை இரக்கத்தின் வாயிலில் நிறுத்தாது. உரிமையின் வாயிலில் நிறுத்தும்.